தண்ணீரில் தொடங்குங்கள்: அமெரிக்க விமானப்படை மீட்பு வீரர் தேர்வுக்கு ஆறு மாதத் தயாரிப்பு

கலிஃபோர்னியாவில் சன்னிவேல், மவுண்டன் வியூ பக்கம் குடியிருப்பவர்களுக்கு மொஃபெட் ஃபீல்ட் விமானத் தளத்தில் இருந்து கிளம்பும் ஹெலிகாப்டர் சத்தம் பழகிப்போயிருக்கும். அங்கே இருப்பது விமானப்படை தேசியக் காவலின் 129ஆவது மீட்புப் பிரிவு. 2014 ஏப்ரலில், மெக்சிகோ கரையிலிருந்து சுமார் 900 மைல் தள்ளி, நடுப் பசிபிக்கில் ஒரு பாய்மரப் படகில் ஒரு வயதுக் குழந்தைக்கு உடம்பு மோசமானது. இந்தப் பிரிவிலிருந்து நான்கு பேர் போய் பாராசூட்டில் கடலில் குதித்து, படகில் ஏறி, கடற்படைக் கப்பல் வரும்வரை குழந்தையைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பெயர் பாராரெஸ்க்யூ. சுருக்கமாக பி.ஜே.

இந்த வேலை பிறந்தது நம் பக்கத்தில்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1943 ஆகஸ்டில் அசாமிலிருந்து சீனாவுக்குப் போன ஒரு அமெரிக்க விமானம் பழுதாகி, அதில் இருந்தவர்கள் நாகா மலைக் காட்டுக்குள் குதித்துவிட்டார்கள். தரை வழியாகப் போய்ச் சேர நாளாகும் என்பதால் டான் ஃபிளிக்கிஞ்சர் என்ற ராணுவ மருத்துவர், இரண்டு உதவியாளர்களுடன் தானும் அதே காட்டில் குதித்தார். காயம்பட்டவர்கள் நம்மிடம் வர முடியாதென்றால் மருத்துவர் அவர்களிடம் போய் விழவேண்டும். இன்று வரைக்கும் பி.ஜே. வேலை அதேதான்.

என் நண்பரின் மகன் ஒருவன் இதில் சேரவேண்டும் என்று வந்து நின்றான். எனக்கு நீச்சல் சொல்லித்தரும் பழக்கம் உண்டு, அதனால் என்னிடம் அனுப்பினார்கள். அவனோடு ஆறு மாதம் குளத்தில் நின்று கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். பையன் வரும்போது நன்றாக உடம்பை ஏற்றி வைத்திருந்தான். தண்ணீரில் இறக்கினால் சுத்தக் கடப்பாரை நீச்சல்.

படி 1: முதலில் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

கிரீன் கார்டு இருந்தால் அமெரிக்க விமானப்படையில் சேரலாம், ஆனால் இந்தப் பிரிவுக்கு ரகசியக் காப்பு அனுமதி வேண்டும் என்பதால் குடியுரிமை அவசியம். வயது 17இலிருந்து 42க்குள். 2016 முதல் பெண்களும் சேரலாம். அஸ்வாப் என்ற எழுத்துத் தேர்வு இருக்கிறது, நம் பிள்ளைகளுக்கு அது பெரிய மலையாக இருக்காது. பட்டம் முடித்தவர்கள் காம்பாட் ரெஸ்க்யூ ஆஃபீசர் என்ற அதிகாரி வழியையும் பார்க்கலாம், அதற்குத் தேர்வு முறை தனி.

மருத்துவப் பரிசோதனையில் உண்மையைச் சொல்லுங்கள். 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா வந்திருந்தால் விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். 'சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்' என்று சித்தப்பா சொல்லுவார். கேட்காதீர்கள்.

சாதாரண ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போனால் வேறு வேலையில் தள்ளிவிடப் பார்க்கலாம். பி.ஜே.க்கள் அடங்கிய சிறப்புப் போர்ப் பிரிவுக்கென்று தனி ஆள்சேர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களையே கேளுங்கள்.

படி 2: எண்களைச் சுவரில் ஒட்டுங்கள்

நுழைவுத் தகுதித் தேர்வில் புல்-அப் 8, இரண்டு நிமிடத்தில் சிட்-அப் 50, இரண்டு நிமிடத்தில் தண்டால் 40, ஒன்றரை மைல் ஓட்டம் 10 நிமிடம் 20 விநாடி. 25 மீட்டர் முங்கு நீச்சல் இரண்டு முறை. அப்புறம் 500 மீட்டர் நீச்சல். எல்லாம் ஒரே நாளில், சின்னச் சின்ன இடைவேளையோடு அடுத்தடுத்து. நீச்சலுக்கான நேர வரம்பைப் பலமுறை மாற்றியிருக்கிறார்கள், மற்ற எண்களும் மாறும், ஆகவே அந்த மாதத்து எண்ணை ஆள்சேர்ப்பாளரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வரம்பாக இருந்தாலும் 500 மீட்டரைப் பத்து நிமிடத்துக்குள் முடிப்பது என்று வைத்துக்கொண்டால் கவலையில்லை.

இது உள்ளே நுழைவதற்கான டிக்கெட் மட்டும். டிக்கெட் அளவுக்கே தயாரித்துக்கொண்டு போகிறவன் அடுத்த கட்டத்தில் நிற்கமாட்டான்.

ஒரு பொறி இருக்கிறது. இங்கே பல குளங்கள் 25 கெஜம், மீட்டர் அல்ல. 25 கெஜம் என்பது 23 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அப்படிப்பட்ட குளத்தில் 20 முறை போய்விட்டு 500 மீட்டர் முடித்தேன் என்று நம் பையன் குதித்தான். இன்னும் ஏறக்குறைய இரண்டு நீளம் பாக்கி. முங்கு நீச்சலிலோ அந்தக் கடைசி இரண்டு மீட்டரில்தான் எல்லாரும் தலையைத் தூக்குவார்கள்.

படி 3: தண்ணீர்

தேர்வில் ஆட்கள் அதிகம் கழன்றுபோவது இங்கேதான். ஓட்டத்தில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கலாம். தண்ணீருக்கடியில் அந்த வசதி கிடையாது.

முதல் இரண்டு மாதம் 500 மீட்டரை மட்டும் கவனியுங்கள். ஃப்ரீஸ்டைல், பிரெஸ்ட் ஸ்ட்ரோக், ஒருக்களித்து நீந்தும் சைட் ஸ்ட்ரோக் மூன்றும் அனுமதி. வாரம் நான்கு நாள். 50 மீட்டரை ஒரு நிமிடத்தில் முடித்து, 20 விநாடி நின்று, மறுபடி. பத்து முறை. பிறகு அந்த 20 விநாடியை வாரம் இரண்டு விநாடியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கையைச் சுழற்றும் வேகத்தைக் கூட்டாதீர்கள். தலை தாழ்ந்து, இடுப்பு மேலே வந்தால் வேகம் தானாக வரும். பையனுக்கு இடுப்பு மூழ்கிக்கொண்டே இருந்தது. குளத்தின் அடித்தளத்தில் இருக்கும் கறுப்புக் கோட்டை மட்டும் பார், எதிர்ச் சுவரைப் பார்க்காதே என்று சொன்னேன். பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்தது.

அடுத்து முங்கு நீச்சல். இதற்கு முன் ஒரு எச்சரிக்கை, கட்டாயம் படியுங்கள். தனியாக ஒருபோதும் தம் கட்டிப் பழகாதீர்கள். கரையில் ஒருவர் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும், கையில் போன் இல்லாமல், உங்களை இழுத்துப்போடத் தெரிந்தவராக. காரணம் இதுதான். மூச்சு முட்டுகிறது என்ற உணர்வு ஆக்சிஜன் குறைவதால் வருவதல்ல, பெரும்பாலும் கரியமில வாயு ஏறுவதால் வருகிறது. முங்குவதற்கு முன் புஸ்புஸ்ஸென்று பத்து மூச்சு வாங்கினால் கரியமில வாயு வெளியேறிவிடும். உள்ளே போனால் ரொம்ப நேரம் சுகமாக இருக்கும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, எந்த அறிகுறியும் இல்லாமல் மயக்கம் வரும். நல்ல நீச்சல்காரர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் செத்துப்போவது இப்படித்தான். ஆகவே இரண்டு சாதாரண மூச்சு, ஒரு முழு மூச்சு, அவ்வளவுதான்.

இனி முறை. சுவரை இரு காலாலும் நன்றாக உந்துங்கள், ஒரு மீட்டர் ஆழத்தில் போங்கள். கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, அங்கிருந்து தொடை வரை ஒரே இழுப்பு. அப்படியே வழுக்கிக்கொண்டு போங்கள். வேகம் செத்துப்போகும்போது கைகளை உடம்போடு ஒட்டி முன்னால் கொண்டுவந்து, தவளை உதை ஒன்று. திரும்ப வழுக்கல். 25 மீட்டருக்கு ஏழெட்டு இழுப்பு போதும். அவசரப்பட்டுப் பதினைந்து இழுத்தால் தசைகள் ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

பையன் முதல் வாரம் பாதியிலேயே மேலே வந்துவிடுவான். 'முடியல அங்கிள், வயிறு உதறுது' என்பான். அந்த உதறலின் பெயர் உதரவிதான இழுப்பு. மூச்சு விடு என்று உடம்பு தட்டுகிற முதல் கதவுத் தட்டல், கொஞ்சம் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை உதறல் வந்ததும் ஒரே ஒரு இழுப்பு மட்டும் கூடுதலாகப் போய்விட்டு வா என்றேன். மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை, கடைசிச் சுவரைத் தொட்டு எழுந்தவன் முகம் சிவந்து, ஒன்றும் பேசாமல் கைவிரலால் ஓடுகளைத் தட்டிக்கொண்டே இருந்தான். ஒரு நாளைக்கு நான்கைந்து முறைக்கு மேல் செய்யவிடாதீர்கள். தலை சுற்றினால் அன்றைக்கு நிறுத்தம்.

உள்ளே போனபிறகு இதைவிடக் கடினமான 'தண்ணீர்த் தைரியம்' பயிற்சிகள் வரும். நீச்சல் முகமூடியைக் குளத்தின் அடியிலிருந்து எடுத்து, தண்ணீரை ஊதி வெளியேற்றிப் போடவேண்டும். இரண்டு பேர் ஒரே ஸ்நார்கலில், அதாவது தண்ணீருக்கு மேலே நீளும் மூச்சுக்குழாயில், மாறி மாறி மூச்சு வாங்கவேண்டும், பயிற்சியாளர் தொந்தரவு செய்துகொண்டே இருப்பார். அடித்தளத்தில் கயிற்றில் முடிச்சுப் போடவேண்டும். வீட்டில் செய்யக்கூடியது முடிச்சு மட்டும். டிவி முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, போலைன், ஸ்கொயர் நாட் இரண்டையும் நூறு நூறு முறை போடுங்கள். மற்றதை அனுபவசாலி இல்லாமல் தொடாதீர்கள். ஓய்வுபெற்ற சிறப்புப் படை வீரர்களைப் பயிற்சியாளர்களாக அமர்த்தியிருக்கிறார்கள், ஆள்சேர்ப்பாளர் மூலம் அவர்களிடம் போய்ச் சேரலாம்.

படி 4: ஓட்டமும் மூட்டையும்

ஒன்றரை மைல் என்றால் 400 மீட்டர் தடத்தில் ஆறு சுற்றும் கொஞ்சமும். சுற்றுக்கு 1 நிமிடம் 42 விநாடி வந்தால் தேறலாம். வாரம் மூன்று நாள் போதும்: ஒருநாள் பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவாக ஒரு மணி நேரம், ஒருநாள் 1:35 வேகத்தில் ஆறு சுற்று நடுவே இரண்டு நிமிட ஓய்வோடு, ஒருநாள் 20 நிமிடம் கொஞ்சம் கஷ்டமான வேகத்தில். தினமும் ஓடினால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி வரும். அதை அலட்சியம் செய்தால் விரிசலில் போய் முடியும்.

மூட்டை தூக்கி நடப்பது வாரம் ஒருமுறை. 15 பவுண்டில் மூன்று மைல். ஒரு வாரம் எடையைக் கூட்டினால் தூரத்தைக் கூட்டாதீர்கள். மூட்டையோடு ஓடாதீர்கள். எடை இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உயரமாக இருக்கவேண்டும், அடியில் தொங்கினால் இடுப்பு போய்விடும். அரிசிப் பையைத் துண்டில் சுற்றி மேலே வைத்தால் போதும். பாதத்தில் எங்காவது சூடாக உணர்ந்தால் அந்த இடத்திலேயே நின்று, சாக்ஸைக் கழற்றி டேப் ஒட்டுங்கள். 'இன்னும் ஒரு மைல்தானே' என்று நடந்தால் கொப்புளம், கொப்புளத்தால் ஒரு வாரம் வீண்.

படி 5: தண்டாலும் புல்-அப்பும்

அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புல்-அப்பில் கை முழுதாக நீண்டு தொங்கி, ஊசலாடாமல், முகவாய் கம்பிக்கு மேலே வரவேண்டும். ஒன்றுகூட வரவில்லையா? ஸ்டூலில் ஏறி மேலே நின்று, ஐந்து விநாடியில் மெதுவாக இறங்குங்கள். ஆறு வாரத்தில் வந்துவிடும். முதல் நாளே நூறு இருநூறு என்று வெறியில் போடாதீர்கள். தசை நொறுங்கி ரத்தத்தில் கலந்தால் சிறுநீர் கோலா நிறத்தில் வரும். வந்தால் ஜிம்மை விட்டு நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள், சிறுநீரகம் கெட்டுப்போகும்.

படி 6: மருத்துவத்தைத் தொடங்கிவிடுங்கள்

பலரும் இதை விட்டுவிடுவார்கள். பி.ஜே. முதலில் ஒரு பாராமெடிக், அதாவது சம்பவ இடத்திலேயே அவசர சிகிச்சை தருபவர். துப்பாக்கி, பாராசூட், ஸ்கூபா எல்லாம் நோயாளியிடம் போய்ச் சேரும் வழி. 1966 ஏப்ரல் 11 அன்று வியட்நாமில் வில்லியம் பிட்சன்பார்கர் என்ற 21 வயது பி.ஜே. ஹெலிகாப்டரிலிருந்து சண்டைக்கு நடுவே இறங்கினார். ஒன்பது பேரை மேலே ஏற்றி அனுப்பினார், தான் ஏறாமல் காயம்பட்டவர்களோடு தங்கினார். அன்றிரவு கொல்லப்பட்டார். 2000இல் அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் கொடுத்தார்கள்.

பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் இ.எம்.டி. என்ற அவசர மருத்துவ உதவியாளர் வகுப்பு இருக்கும். முடிந்தால் ஆம்புலன்ஸில் சில மாதம் வேலை செய்யுங்கள். குறைந்தது, ரத்தப்போக்கை நிறுத்தும் ஸ்டாப் தி பிளீட் வகுப்புக்காவது போங்கள், பல இடங்களில் இலவசம். போர்க்களத்தில் வரிசை இப்படி: முதலில் பீறிடும் ரத்தம், பிறகு மூச்சுப் பாதை, பிறகு மூச்சு, ரத்த ஓட்டம், கடைசியில் உடல் குளிர்ந்துபோகாமல் காப்பது. நாம் கற்ற முதலுதவியில் மூச்சுதான் முதலில். இங்கே ஏன் ரத்தம் முன்னால் வந்தது? தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் ஆள் போய்விடுவார்.

படி 7: புறப்படுவதற்கு முந்தைய பத்து நாள்

போனபின் வரிசை தோராயமாக இப்படி இருக்கும்: டெக்சஸ் லாக்லாண்டில் ஏழரை வாரம் அடிப்படைப் பயிற்சி, அங்கேயே தயாரிப்பு வகுப்பு, பிறகு நான்கு வாரத் தேர்வு. இதில் உங்கள் சகாக்களும் உங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள், ஆகவே மூட்டையைத் தூக்கமுடியாமல் தவிக்கும் பக்கத்துப் பையனை விட்டு முன்னால் ஓடாதீர்கள். தேறினால் ஃப்ளோரிடாவில் டைவிங், ஜார்ஜியாவில் பாராசூட், அரிசோனாவில் உயரத்திலிருந்து குதிப்பது, வாஷிங்டன் மாநிலத்தில் உயிர்பிழைக்கும் பயிற்சி, நியூ மெக்சிகோவில் பாராமெடிக் படிப்பும் இறுதிப் பயிற்சியும். மொத்தம் இரண்டு வருடத்துக்கு அருகில்.

இந்தப் பத்து நாளில் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். முங்கு நீச்சல் நாளைக்கு இரண்டு முறை போதும். புது ஷூ வாங்காதீர்கள். அம்மா கட்டித்தரும் ஊறுகாய், முறுக்கு எதுவும் உள்ளே விடமாட்டார்கள், ஆகவே விமான நிலையம் போகும் வழியிலேயே தின்றுவிடுங்கள். நம் பையன் காரில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் முழு டப்பாவையும் முடித்தான். அப்புறம் கால் நகத்தை நேராக, ரொம்ப ஒட்டாமல் வெட்டிக்கொள்ளுங்கள்.