யூரேயில் முதன்முறையாகப் பனிச்சுவர் ஏறுபவர்களுக்கு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சான் உவான் மலைகளுக்கு நடுவே, சுமார் 2,370 மீட்டர் உயரத்தில் இருக்கிறது யூரே. வெள்ளியும் தங்கமும் தேடி வந்தவர்களால் 1876இல் உருவான ஊர். சுரங்கங்கள் ஓய்ந்த பின் அதற்கு மறுவாழ்வு தந்தது ஊரை ஒட்டிய அன்கம்பாக்ரே ஆற்றின் மலையிடுக்கு. நீர்மின் நிலையத்துக்குச் செல்லும் குழாயிலிருந்து கசிந்த நீர் அங்கே உறைந்து தொங்கியது. 1990களில் மலையேறிகள் விளிம்பு நெடுகத் தெளிப்பான்களை அமைத்து, அந்தக் கசிவையே பனிப் பூங்காவாக வளர்த்தெடுத்தார்கள். பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

1. முந்தைய நாளே போய்ச் சேருங்கள். உயரம் பழகாத உடம்புக்குத் தலைவலியும் மூச்சிரைப்பும் வரும். நிறையத் தண்ணீர் குடியுங்கள். பயிற்சி பெற்ற வழிகாட்டி இல்லாமல் முதல் நாள் ஏறவே வேண்டாம்.

2. வளையாத அடித்தோல் கொண்ட பூட்ஸ், அதில் மாட்டும் கிராம்பான் என்ற இரும்பு முட்சட்டம், இரண்டு பனிக்கோடரிகள், இடுப்புவார், ஹெல்மெட் ஆகியவை வாடகைக்குக் கிடைக்கும். கையுறை மட்டும் இரண்டு மூன்று ஜோடி உங்களுடையதாக இருக்கட்டும். நனைந்த கையுறையோடு யாராலும் ஏற முடியாது.

3. இனிக் கால். புதியவர்கள் எல்லோரும் கோடரியைத்தான் நம்புகிறார்கள். உங்களை மேலே கொண்டுபோவது கால்தான். முழங்காலிலிருந்து காலை வீசி, முன்முட்கள் பனிக்குள் நேராக இறங்கும்படி உதையுங்கள். பிறகு குதிகாலைச் சற்றுத் தாழ்த்துங்கள். பயத்தில் குதிகால் தானாகவே எழும்பும். எழும்பினால் முட்கள் பெயர்ந்துவிடும். சின்னச் சின்ன அடியாக இரு கால்களையும் ஏற்றிவிட்டு, அதன் பிறகே கோடரியை வீசுங்கள்.

4. புடைத்த பனியில் கொத்தினால் அது தட்டுத் தட்டாக உடைந்து முகத்தில் விழும். இரு புடைப்புகளுக்கு நடுவே உள்ள குழிவைப் பாருங்கள். ஆணி அடிப்பதுபோல, கடைசி நொடியில் மணிக்கட்டைச் சொடுக்க வேண்டும். கோடரியின் கூர்முனையான அலகு நன்றாகப் பதிந்தால் கனத்த ஓசை வரும். கலகலத்தால் வேறிடம் தேடுங்கள். எடுக்கும்போது பக்கவாட்டில் திருகாதீர்கள். பிடியை மேலும் கீழும் அசைத்தாலே கழன்றுவிடும். கோடரியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. தலைக்கு மேலேயே இருக்கும் கை விறைத்து, மீண்டும் ரத்தம் பாயும்போது கண்ணீர் வரும் அளவுக்கு வலிக்கும். அவ்வப்போது கையைத் தொங்கவிட்டு உதறுங்கள்.

5. கயிறு மேலிருந்து வருகிறதா, முடிச்சு சரியா என்று ஏறுபவரும் கயிறு பிடிப்பவரும் ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும். கயிறு பிடிப்பவர் ஏறுபவருக்கு நேர்கீழே நிற்கக் கூடாது. பனித்துண்டு விழுந்தால் உடனே 'ஐஸ்!' என்று கத்துங்கள். கீழே இருப்பவர் அண்ணாந்து பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும்.

6. இறங்கும்போது பின்னால் சாய்ந்து, கால்களை அகட்டி வைத்துக்கொள்ளுங்கள். தரையில் கிராம்பானோடு கயிற்றை மிதித்துவிட்டால், அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, வழிகாட்டியிடம் காட்டிய பிறகே அடுத்தவரை ஏற்றுங்கள்.