வேலை தொடங்குமுன் எண்ணுங்கள்: ஊரின் சைக்கிள் முயற்சியை விருதுக்கு எழுதுவதுபோல் பதிவு செய்வது எப்படி?

எங்கள் தெருப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு ரியூசன் வாசலில் சைக்கிள் நிறுத்த இரும்புக் குழாய்கள் நாட்டினார்கள். பக்கத்தில் உடைந்து கிடந்த வடிகான் மூடியையும் மாற்ற வைத்தார்கள். திருகோணமலையில் இப்படி இன்னும் பத்து இடத்தில் செய்யலாம் என்று ஆசைப்பட்டு, எல்லாவற்றையும் எழுதி ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் பொறுமையாக வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "முந்தி எத்தனை சைக்கிள் வந்தது, இப்ப எத்தனை வருது?" முந்தின கணக்கு என்னிடம் இல்லை. இனி எடுக்கவும் முடியாது. அடுத்த சந்தியில் அந்தப் பிழையைத் திருத்திக்கொண்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாதிரி ஒன்றைப் பிடியுங்கள்

சைக்கிளுக்கு உகந்த ஊர்களுக்குத் தேசிய அளவில் விருது கொடுக்கும் நாடுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1880இல் தொடங்கிய சைக்கிளோட்டிகள் சங்கம் ஒன்று வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று ஐந்து படிகளில் ஊர்களைத் தரப்படுத்துகிறது. ஒருமுறை வாங்கினால் நான்கு வருடம்தான் செல்லும். பிறகு திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவில் 2020இல் நகரங்களுக்கு இடையே சைக்கிள் சவால் ஒன்று அறிவித்து, கடைசியில் 11 நகரங்களுக்கு ஆளுக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தார்கள். நியூசிலாந்திலும் சைக்கிளோட்டிகள் அமைப்பு இப்படி விருது கொடுத்து வந்திருக்கிறது.

அந்தந்த நாட்டு ஊர்கள்தான் அவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். எங்களுக்கு அவர்கள் கேட்கும் கேள்விகள் போதும். அமெரிக்கப் படிவத்தின் தலைப்புகளைச் சுருக்கினால் இவ்வளவுதான்: பாதை எப்படி இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஓட்டப் பழக்குகிறீர்களா, ஆட்களை ஓட்டத் தூண்டுகிறீர்களா, எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கிறதா, இதையெல்லாம் அளந்து திட்டமிடுகிறீர்களா. கொப்பியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

ஓர் இடத்தை மட்டும் எடுங்கள்

முழு ஊரையும் எடுக்க வேண்டாம். உள்துறைமுக வீதி, உவர்மலை, உப்புவெளி என்று அலைந்தால் ஒன்றுமே முடியாது. ஒரு சந்தி, அல்லது ஒரு பள்ளிக்கூட வாசல் போதும்.

இடத்தை எடுத்தவுடன் அந்த வீதி யாருடையது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை; கண்டி வீதி அப்படிப்பட்டது. சி, டி வகை மாகாணத்துக்கு. உள் ஒழுங்கைகள் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றத்துக்கு. பிழையான கதவைத் தட்டினால் மாதங்கள் போய்விடும்.

எண்ணுவது

இதில் நின்று நிதானமாகச் செய்யுங்கள். நான் தவறவிட்ட இடம் இதுதான்.

ஒரு லைட் கம்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கோடு இருப்பதாக நினைத்து, அந்தக் கோட்டைத் தாண்டும் சைக்கிளை மட்டும் எண்ணுங்கள். கோட்டுக்கு முன்னால் கடையில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் போகிறவர் கணக்கில் வரமாட்டார். இரண்டு பேர் நில்லுங்கள், ஆளுக்கொரு திசை.

பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரி. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே வெட்டுங்கள். போனில் எண்ணும் செயலிகளும் இருக்கின்றன; எனக்கு அவை சரிவரவில்லை. காலை வெயிலில் திரை தெரியாது, வியர்வைக் கையில் இரண்டு தடவை அமுங்கிவிடும். பென்சிலும் அட்டையும்தான் என் தெரிவு. பேனை வேண்டாம், மழைத்துளி பட்டால் ஊறிவிடும்.

நேரம்: காலை 6.45 முதல் 7.45 வரை, பள்ளிக்கூடம் விடும் 1.30 முதல் 2.30 வரை, ரியூசனுக்காகப் பின்னேரம் 5 முதல் 6.30 வரை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் எண்ணுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா இருப்பதால் நடமாட்டம் மாறும். பௌர்ணமி விடுமுறையான போயா நாளும், பத்திரகாளி அம்பாள் கோவில் திருவிழா நாட்களும் வேண்டாம்.

மாதமும் முக்கியம். கச்சான் காற்று அடிக்கும் ஆடியில் ஒரு கணக்கு, மாரி மழையில் இன்னொரு கணக்கு என்று எடுத்து ஒப்பிட்டால், நீங்கள் அளப்பது காற்றையும் மழையையும்தான். வேலைக்கு முன் எந்த மாதம் எண்ணினீர்களோ, அடுத்த வருடம் அதே மாதம் எண்ணுங்கள்.

பெண்களையும் சிறுவரையும் தனித்தனி நிரலில் போடுங்கள். மொத்தத் தொகையைவிட இது நிறையச் சொல்லும். பயமுள்ள வீதியில் பெரிய ஆண்கள் எப்படியும் ஓட்டுவார்கள். தாய்மார் பிள்ளையை விடமாட்டார்கள். ரியூசன் முடிந்து பொம்பிளைப் பிள்ளைகள் தனியே ஓட்டிக்கொண்டு போகத் தொடங்கினால், பாதை மாறியிருக்கிறது என்று தைரியமாக எழுதலாம்.

(பிறகு சேர்த்தது: கரியரில் இன்னொருவரை ஏற்றி வந்தால் ஒன்றா இரண்டா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். சைக்கிள் ஒன்று, ஆட்கள் இரண்டு. ஆட்களுக்குத் தனி நிரல் போடுங்கள். காற்றுப்போய் உருட்டிக்கொண்டு போகிறவரை ஓரத்தில் தனியாகக் குறியுங்கள், தொகையில் சேர்க்க வேண்டாம்.)

படமும் அளவும்

ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்தில், முன்னும் பின்னும் படம் எடுங்கள். நிற்கும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்தால் மழையில் போய்விடும். மதிலையோ கம்பத்தையோ அடையாளமாக எழுதி வையுங்கள். பிள்ளைகளின் முகம் விழாமல் பாருங்கள்.

வடிகான் மூடியின் துவாரங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பாருங்கள். வீதியோடு நீளமாக ஓடினால் மெல்லிய டயர் உள்ளே இறங்கி ஆள் விழுவார். குறுக்காக இருக்க வேண்டும். மூடியைத் திருப்பிப் போடுவதே சில இடங்களில் போதும்.

நிறுத்துமிடத்துக்கு, கவிழ்த்த 'ப' வடிவக் குழாயைத்தான் நான் எப்போதும் சொல்வேன். முன்சில்லை மட்டும் சொருகும் சீமெந்துப் பள்ளங்கள் வேண்டாம்: சைக்கிள் சரிந்தால் றிம் வளையும், சட்டத்தைப் பூட்டவும் வழியில்லை. இரண்டு குழாய்களுக்கு இடையே ஒரு மீற்றர் விடுங்கள். நாங்கள் முதலில் நெருக்கி நாட்டியதால் ஹாண்டில்கள் சிக்கிக்கொண்டன.

எழுதுவது

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பந்தியில் இடம், வீதி யாருக்குரியது, என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவு. இரண்டாவதில் முன்கணக்கும் பின்கணக்கும். குறைந்திருந்தால் குறைந்தது என்றே எழுதுங்கள். செய்தவர்களைப் பட்டியலிட அவர்களிடம் அனுமதி வாங்குங்கள். குழாய் வெல்ட் பண்ணித் தந்த பட்டறைக்காரரையும் விடாதீர்கள். கடைசியில் அடுத்த சந்தி எது, அங்கே என்ன தேவை என்று ஒரே ஒரு கோரிக்கை.

எண்ணிய தாள்களைப் பிரதி எடுத்துப் பின்னால் இணையுங்கள். அசல் உங்கள் கையில் இருக்கட்டும். ஒப்படைக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

(இன்னொன்று: ஏற்கெனவே வேலை முடிந்துவிட்டது, முன்கணக்கு இல்லை என்று எழுதியவர்களுக்கு. வேலை நடக்காத பக்கத்துச் சந்தியை இப்போதே, அதே நாட்களில் எண்ணுங்கள். முழுமையான பதில் ஆகாது. ஆனால் அந்தச் சந்தியில் வேலை தொடங்கும்போது முன்கணக்கு கையில் இருக்கும்.)