விதிகளைக் கொடுத்தால் குறிமுறைப் பிறப்பாக்கியை ஆக்கித்தரும் கருவி

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பானின் கடைசிக் கட்டத்தில், மர வடிவில் வரும் நிரலைச் செயலியின் அறிவுறுத்தல்களாக மாற்றுவது குறிமுறைப் பிறப்பாக்கி. ஒவ்வொரு செயலிக்கும் அதைக் கையால் எழுதாமல், அறிவுறுத்தல்களை விதிகளாகக் கொடுத்து ஒரு கருவியைக் கொண்டே ஆக்குவிக்கலாம். 1992இல் பிரேசர், ஹான்சன், புரோப்ஸ்டிங் ஆகியோர் விவரித்த ஐபர்க் (iburg) என்ற இத்தகைய கருவி சிறியதாகையால் முன்மாதிரியாகக் கொள்ள ஏற்றது.

ஹட்டனில் மாணவர்களுக்கு இதைக் காட்டுகையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் பேரேட்டையே உதாரணமாகக் கொள்கிறேன். ஒருவரின் விபரம் தொடங்கும் முகவரி பதிவகத்தில் (செயலிக்குள் இருக்கும் சிறு நினைவிடத்தில்) இருக்கிறது. நிறை அங்கிருந்து 8 பைட் தள்ளி உள்ளது. மரம்: ஏற்று(கூட்டு(பதிவகம், 8)). ‘ஏற்று’ என்பது அந்த முகவரியில் உள்ளதை நினைவகத்திலிருந்து எடுப்பது. ரிஸ்க்-ஃபைவ் (RISC-V) வகைச் செயலிக்கு விதிகள் இவை; செலவு என்பது தேவைப்படும் அறிவுறுத்தல்களின் எண்ணிக்கை:

பதிவகம் ← மாறிலி, செலவு 1
பதிவகம் ← கூட்டு(பதிவகம், பதிவகம்), செலவு 1
பதிவகம் ← கூட்டு(பதிவகம், மாறிலி), செலவு 1
பதிவகம் ← ஏற்று(பதிவகம்), செலவு 1
பதிவகம் ← ஏற்று(கூட்டு(பதிவகம், மாறிலி)), செலவு 1

கருவி இவ்விதிகள் அடங்கிய கோப்பைப் படித்து இரண்டு செயற்கூறுகளை எழுதித்தர வேண்டும். முதலாவது, மரத்தின் இலைகளிலிருந்து மேலேறி, ஒவ்வொரு கணுவிலும் மிகக் குறைந்த செலவையும் அதைத் தந்த விதியையும் குறித்து வைக்கும். இரண்டாவது, வேரிலிருந்து அக்குறிப்புகளைப் பின்பற்றி இறங்கி அறிவுறுத்தல்களை வெளியிடும். மேற்கண்ட மரத்தைத் தனித்தனி விதிகளால் மூடினால் செலவு 3 வரை செல்லும். கடைசி விதி மட்டும் போதுமெனில் 1.

கவனம் தேவைப்படும் இடம் மாறிலியின் அளவு. இச்செயலியின் அறிவுறுத்தலுக்குள் −2048 முதல் 2047 வரையான எண்ணே அடங்கும். ஆகவே 3ஆம், 5ஆம் விதிகளின் செலவை நிபந்தனையுடன் எழுதி, எல்லை மீறினால் முடிவிலியாக்க வேண்டும். முதல் விதியின் செலவும் அப்போது 2 ஆகும். நிறை இருக்கும் இடைவெளி 8க்குப் பதில் 5000 ஆயின் கருவி நான்கு அறிவுறுத்தல்களைத் தரும். கையால் எழுதுபவரோ 4096ஐ ஏற்றிக் கூட்டி, மீதி 904ஐ இறுதி அறிவுறுத்தலுக்குள் வைத்து மூன்றில் முடிப்பார். இதைக் கருவியின் பிழையென்று திருத்தப் புகுவது வீண் வேலை. விதிகளில் இல்லாத வழியை அது அறியாது. ஆறாவது விதியாக அதைச் சேர்த்தாலே போதும்.

விதியின் இடப்பக்கத்தில் வரும் ‘பதிவகம்’ போன்ற ஒரு பெயரை நேரே இன்னொரு பெயராக மாற்றும் விதிகள் இருந்தால், செலவு குறைவது நிற்கும் வரை அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். எந்த விதியும் பொருந்தாத கணுவைக் கண்டால், கருவி அந்த மரத்தை அச்சிட்டு உடனே நிற்கட்டும்.