ஒரு பச்சிலை, ஒரு கைப்பிடி: திருமூலர் பாடலை நாள்தோறும் கடைப்பிடிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாவர்க்கு மாம்இறை வற்கொரு பச்சிலை
யாவர்க்கு மாம்பசு வுக்கொரு வாயுறை
யாவர்க்கு மாம்உண்ணும் போதொரு கைப்பிடி
யாவர்க்கு மாம்பிறர்க் கின்னுரை தானே.

பத்தாம் திருமுறையான திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில், ‘அறஞ்செய்வான் திறம்’ என்னும் பகுதியில் வரும் பாடல் இது. தினமும் பிறருக்கு ஏதேனும் ஒரு நன்மை செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை இவ்வளவு எளிய சொற்களில் நெஞ்சில் விதைக்கும் பாடல் தமிழில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இறைவனுக்கு ஓர் இலை, பசுவுக்கு ஒரு வாய்த் தீவனம், உண்பதற்கு முன் ஒரு பிடி உணவு, மற்றவரிடம் ஓர் இனிய சொல் என்று திருமூலர் கேட்பவை நான்கே. படித்து நெகிழ்ந்து மறுநாளே செயலில் இறங்குபவர்கள் பலர். ஆனால் பாடலின் சொற்களை ஊன்றிப் படிக்காமல் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால், நல்ல மனத்தோடு தொடங்கிய பழக்கம் சில வாரங்களில் நின்றுபோவதையும், சில வேளைகளில் பெறுபவருக்கே தீங்காக முடிவதையும் பார்க்கிறோம்.

முதல் தவறு ‘யாவர்க்கும் ஆம்’ என்னும் தொடரைப் புரிந்துகொள்வதிலேயே நேர்கிறது. ‘எல்லாருக்கும் கொடுங்கள்’ என்பது இதன் பொருள் என்று பலர் எண்ணுகிறார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை இதே பகுதியில் உள்ள ‘ஆர்க்கும் இடுமின் அவரிவர் என்னன்மின்’ என்ற பாடல் சொல்லிவிடுகிறது. இந்தப் பாடல் பேசுவது கொடுப்பவரைப் பற்றி. ‘ஆம்’ என்றால் இயலும், கூடும் என்று பொருள். எவராலும் இது முடியும் என்று நான்கு அடியிலும் நான்கு முறை திருமூலர் சொல்வது, ‘நல்ல வேலை கிடைக்கட்டும், வீட்டுக் கடன் அடையட்டும், ஓய்வு பெற்றபின் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நாம் அடுக்கும் சாக்குகள் ஒவ்வொன்றையும் மறுப்பதற்காகவே என்று நான் படிக்கிறேன். வசதி வந்தபின் பெரிதாகச் செய்துகொள்ளலாம் என்று காத்திருப்பவருக்கு இந்தப் பாடலில் இடமே இல்லை.

இரண்டாவது, ‘உண்ணும்போது’ என்ற சொல்லைக் கவனிக்காமல் விடுவது. உண்டு முடித்தபின் மிஞ்சியதையும், இரண்டு நாள் குளிர்பெட்டியில் இருந்து வீட்டில் எவரும் தொடாததையும் பொட்டலம் கட்டிக் கொடுப்பதைக் கைப்பிடியாகக் கணக்கிட முடியாது. நல்ல நிலையில் உள்ள உணவு வீணாகாமல் பசித்தவரைச் சேர்வது நல்லதுதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் பங்கிலிருந்து எடுத்து வைப்பதும், நமக்கு வேண்டாததை அகற்றுவதும் வேறு வேறு செயல்கள். எங்கள் வீட்டில் பாட்டி உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பே அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்படி மூலையில் இருந்த தூக்குவாளியில் போடுவார். வண்டு வராமல் இருக்க அதற்குள் நான்கு காய்ந்த மிளகாய் கிடக்கும். ஒரு பிடி என்பது முப்பது, நாற்பது கிராம் தேறும். மாதக் கடைசியில் வாளியில் ஒரு கிலோ அரிசி சேர்ந்திருக்கும், அது தெருவில் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அரிசி தட்டுப்பட்ட மாதங்களில் அந்தப் பிடி சிறுத்ததுண்டு, நின்றதில்லை. எடுத்ததால் எங்கள் சோறு குறைந்ததாக எனக்கு நினைவில்லை. உலையில் போட்டபின் எடுப்பதைவிட, போடுமுன் எடுத்துவிடுவதுதான் இந்தப் பழக்கம் நிலைப்பதற்கான வழி என்பதை நான் அந்த வாளியிடமிருந்தே கற்றேன்.

பசுவுக்கு ஒரு வாயுறை என்னும் அடியில் நேரும் தவறு உயிருக்கே உலை வைப்பது. வாயுறை என்றால் ஒரு வாய் அளவுள்ள தீவனம். அமாவாசையன்றும் மாட்டுப் பொங்கலன்றும் ஒரே பசுவுக்கு ஐம்பது பேர் வரிசையாகச் சோறும் சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் ஊட்டினால், அந்த மாவுச்சத்து மாட்டின் முதல் இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலம் பெருகுகிறது. மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும், வயிறு உப்பிவிடும், உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காவிட்டால் இறந்தும்போகும். காய்கறிக் கழிவைப் பிளாஸ்டிக் பையோடு முடிச்சுப் போட்டுத் தெருமுனையில் வைத்துவிட்டு, மாடு தின்னட்டும் என்று நினைப்பதும் இதைப் போன்றதே; பை இரைப்பையிலேயே தங்கிவிடுகிறது. புல், வைக்கோல், அளவான கீரை ஆகியவை போதும். பாடலில் உள்ள ‘ஒரு’ என்ற சொல்லைச் சிக்கனம் என்று எண்ணிவிடக் கூடாது, அது பெறும் உயிருக்கு ஏற்ற அளவு.

நாள்தோறும் செய்ய வேண்டியதை ஆண்டுக்கு ஒருநாள் மொத்தமாகச் செய்துவிடலாம் என்று நினைப்பதுதான், என் பார்வையில், இவற்றுள் மிகப் பரவலான தவறு. பிறந்தநாளிலும் தீபாவளியிலும் முதியோர் இல்லத்துக்கு மூன்று பேர் மதிய உணவு கொண்டு வருவார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒருவரும் வரமாட்டார்கள். ரத்த தானத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பெரிய முகாம் ஒன்றில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் ரத்தம் கொடுத்தாலும், அதிலிருந்து பிரித்தெடுக்கும் தட்டணுக்களை வழக்கமாக 5 நாள்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சிவப்பணுக்களும் பெரும்பாலும் 42 நாள்களுக்கு மேல் தாங்குவதில்லை. ஒருமுறை கொடுத்த ஆண்கள் 90 நாள்களும் பெண்கள் 120 நாள்களும் கழித்தே மீண்டும் கொடுக்க வேண்டும் என்பது நம் நாட்டு நெறிமுறை என்பதால், எல்லாரும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் அடுத்துவரும் வாரங்களில் தேவைப்படும் நோயாளிக்கு ஆள் கிடைப்பது அரிதாகிறது. நண்பர்கள் பத்துப் பேர் ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துக்கொள்வது எவ்வளவோ பயன் தரும். ‘வீழ்நாள் படாஅமை நன்றாற்றின்’ என்று வள்ளுவர் சொன்னது, ஒரு நாளும் வீணாகக் கழியாமல் நல்லது செய்தால் என்ற பொருளில்தான். வடலூரில் வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே 23 அன்று தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்து வருபவர்களுக்கு அங்கே சோறு கிடைக்கிறது. பசி ஒவ்வொரு நாளும் வருவதால் உணவும் ஒவ்வொரு நாளும் வேண்டும் என்பதை அந்த அடுப்பைவிடத் தெளிவாக எதுவும் சொல்லவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமாக, ஒருநாள் தவறியதும் ‘இனி என்ன’ என்று விட்டுவிடுவதும் உண்டு. தவறிய நாளுக்கு ஈடாக மறுநாள் இரண்டு பிடி போட வேண்டியதில்லை. வழக்கமான ஒரு பிடியைப் போட்டால் போதும்.

கொடுக்கும் கையோடு கைப்பேசியும் நீள்வதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. உணவுப் பொட்டலத்தை வாங்கும் முதியவரைக் கேமராவைப் பார்க்கச் சொல்லிப் படம் எடுக்கும்போது, அந்தப் பொட்டலத்துக்கு அவரிடம் விலை வாங்கிவிடுகிறோம். அவருடைய பேரப்பிள்ளை அந்தப் படத்தைப் பார்க்கக்கூடும். பிறரையும் ஊக்கப்படுத்தவே பகிர்கிறோம் என்பவர்கள் சமைத்த பாத்திரத்தையோ அடுக்கிய பொட்டலங்களையோ படம் எடுக்கலாம்; வாங்குபவரின் முகம் அதற்குத் தேவையில்லை. புண்ணியக் கணக்கைக் கூட்டிக்கொண்டே செய்வதும் இதற்கு நெருங்கிய உறவு. இந்தப் பிறவியில் செய்தது மறுபிறவிக்கு உதவும் என்று எண்ணிக் கொடுப்பவனைப் புறநானூற்றின் 134ஆம் பாடல் ‘அறவிலை வணிகன்’ என்கிறது. ஆய் வள்ளல் அத்தகையவன் அல்லன் என்று உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அதில் பாராட்டுகிறார். அறத்தை விலைக்கு விற்பவன் என்ற அந்தக் கடுஞ்சொல், நன்றி சொல்லவில்லையே என்று நாம் மனம் புழுங்கும் ஒவ்வொரு முறையும் நமக்கும் பொருந்துகிறது.

கடைசி அடியை எளிது என்று எண்ணிக் கடந்துவிடுவது எஞ்சிய தவறு. காசு செலவில்லாதது என்பதால் இன்னுரையைக் கடைசியில் வைத்தார் என்று சிலர் விளக்குவார்கள். எனக்கோ நான்கிலும் அதுதான் கடினமாகத் தோன்றுகிறது, ஏனெனில் இலையையும் அரிசியையும் அவசரத்தில்கூடக் கொடுத்துவிடலாம், சொல்லைக் கொடுக்க எதிரில் இருப்பவரை நின்று பார்க்க வேண்டும். உள்ளம் மகிழ்ந்து கொடுப்பதைக் காட்டிலும் முகம் மலர்ந்து இனிய சொல் பேசுவது நன்று என்று வள்ளுவரும் 92ஆம் குறளில் சொல்கிறார். கேட்காத அறிவுரையும், காரியம் ஆவதற்காகச் சொல்லும் புகழ்ச்சியும், காலை வணக்கப் படத்தை நூறு பேருக்கு ஒரே தட்டலில் அனுப்புவதும் இன்னுரை ஆகிவிடாது.

எங்கள் தெருவில் காலை ஆறரை மணிக்குத் தூய்மைப் பணியாளர் வண்டியோடு வருவார். பெரும்பாலான வீடுகளில் பையை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான்கு வீடு தள்ளியிருக்கும் பெரியவர் மட்டும் மணியோசை கேட்டதும் வெளியே வந்து நிற்பார். போன வாரம் அவர் கையில் செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய ஒரு பொட்டலம் தனியாக இருந்தது. “கண்ணாடி டம்ளர் உடைஞ்சுபோச்சும்மா. தனியா சுத்தி வெச்சிருக்கேன், கையைக் கிழிச்சிடாம பாத்து எடு” என்று சொல்லி, பணியாளர் அதை வண்டியின் ஓரத்தில் பத்திரமாக வைக்கும்வரை அங்கேயே நின்றிருந்தார்.