தொற்றுக் காலத்தில் குளோரின்: வீட்டில் அளந்து கலக்கும் முறை

கொவிட் காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில் படியேறினாலே குளோரின் நெடி மூக்கைத் துளைக்கும். நெடி எவ்வளவு கடுமையோ, வீடு அவ்வளவு பாதுகாப்பு என்று நம்பியவர்கள் ஏராளம். இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. 2020 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 502 பேரிடம் நடத்திய ஆய்வில், 100க்கு 39 பேர் தொற்றுநீக்கிகளை ஆபத்தான முறையில் பயன்படுத்தியிருந்தார்கள். காய்கறிகளையும் பழங்களையும் குளோரின் திரவத்தில் கழுவியவர்களும் அதில் அடக்கம்.

சரியான முறை கடினமானதல்ல. ஓர் அளவுக் கிண்ணம், ஒரு வாளி, இறப்பர் கையுறை போதும்.

படி 1: லேபலை வாசியுங்கள். குளோரின் திரவத்தில் கிருமியைக் கொல்லும் இரசாயனமான சோடியம் ஹைப்போகுளோரைட் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். வீட்டுப் பாவனைக்கான திரவங்களில் பெரும்பாலும் 5 சதவீதம் அளவில் இருக்கும். குளிர்பானப் போத்தலில் ஊற்றி, லேபல் இல்லாமல் விற்பதை வாங்காதீர்கள். அதன் செறிவு கடைக்காரருக்கே தெரியாது. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது குடிக்கும் பானமாகத்தான் தெரியும்.

படி 2: முதலில் சவர்க்காரம். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும் இடத்தில் குளோரின் வலுவிழந்துவிடும். கழுவித் துடைத்த பிறகே அடுத்த வேலை.

படி 3: அளந்து கலக்குங்கள். மேசை, கதவுக் கைப்பிடி, தரை போன்றவற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் செறிவு 0.1 சதவீதம். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 100ஐ லேபலில் உள்ள சதவீதத்தால் வகுங்கள். வருவது ஒரு லீற்றர் கரைசலுக்குத் தேவையான மில்லிலீற்றர். 5 சதவீதத் திரவமானால் 20 மில்லிலீற்றர், அதாவது நான்கு தேக்கரண்டி. ஐந்து லீற்றர் வாளிக்கு 100 மில்லிலீற்றர். வாந்தி, இரத்தம் சிந்திய இடத்துக்கு மட்டும் இதைப்போல் ஐந்து மடங்கு.

இருமல் மருந்தோடு வரும் சிறிய அளவு மூடி இதற்கு நன்றாக உதவும். ஆனால் அதில் பேனாவால் பெரிதாகக் குறியிட்டு, மருந்துப் பெட்டிக்குத் திரும்பாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வாளியில் முதலில் தண்ணீர், பிறகு திரவம். தண்ணீர் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். சுடுநீரில் குளோரின் சிதைந்துவிடும். கலந்ததை அன்றே பயன்படுத்தி, மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். கொழும்பு வெயில் படும் பல்கனியில் வைத்த கரைசலை நம்புவதற்கில்லை.

படி 4: பூசிவிட்டுச் சற்று நேரம் அப்படியே விடுங்கள். துணியில் நனைத்துத் துடையுங்கள். குறைந்தது ஒரு நிமிடமாவது ஈரமாக இருக்கட்டும். பூசிய கையோடு உலரத் துடைப்பதால் பயனில்லை. உலோகப் பரப்பானால் பிறகு வெறும் தண்ணீரால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அரிக்கும்.

படி 5: வேறெதையும் சேர்க்காதீர்கள். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் வாசிப்பீர்களானால் இதை வாசியுங்கள். கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதன்மேல் குளோரின் திரவத்தை ஊற்றினால் நச்சு வாயு எழும். வினாகிரியும் அமிலம்தான். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களிலிருந்து வேறொரு நச்சு வாயு வரும். நம் தொடர்மாடிக் குளியலறைகளில் பெரும்பாலும் சுவரின் உச்சியில் ஒரு சிறு காற்றுவழிதான்; வாயு வெளியேற இடமில்லை. ஆகவே கதவைத் திறந்துவைத்து, ஒரு நேரத்தில் ஒரு திரவம் மட்டும்.

வல்லாரை, கங்குன் போன்ற கீரைகளுக்கு ஓடும் தண்ணீர் போதும். குளோரினும் வேண்டாம், சவர்க்காரமும் வேண்டாம். கைகளுக்குச் சவர்க்காரம் இருக்கிறது. ஆட்கள்மீது தொற்றுநீக்கி தெளிப்பதை 2020 மே மாதமே உலக சுகாதார நிறுவனம் கூடாதென்று சொல்லிவிட்டது. வாசலில் நிறுத்தி விருந்தாளிக்கு விசிறுவது உபசாரமல்ல.

சானிடைசர் பூசினால் கை முழுதாக உலரும்வரை குத்துவிளக்கையோ காஸ் அடுப்பையோ பற்றவைக்காதீர்கள். அதிலுள்ள மதுசாரம் சட்டெனத் தீப்பிடிக்கும்.

எவராவது திரவத்தை விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். வாயுவைச் சுவாசித்தவரை உடனே வெளியே கொண்டுவாருங்கள்; வாளியை எடுக்கவென்று மீண்டும் உள்ளே போகாதீர்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது போத்தலை லேபலோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன திரவம், எந்தச் செறிவு என்பதைத்தான் வைத்தியர் முதலில் கேட்பார்.