கடலோரக் கோட்டையில் நிற்கும் விக்டோரியா காலப் பீரங்கியை அடையாளம் காண்பது எப்படி?

இங்கிலாந்தின் ஹர்ஸ்ட் கோட்டையிலும் டோவர் துறைமுகத்தின் அட்மிரால்டி பியர் கோபுரத்திலும் மால்டாவின் ரினெல்லா கோட்டையிலும் விக்டோரியா காலத்துக் கனரகப் பீரங்கிகள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் பருமனை வியந்துவிட்டுக் கடந்துபோகிறவர்களே அதிகம். ஓர் அளவுநாடா, கைவிளக்கு, குறிப்பேடு ஆகிய மூன்றும் இருந்தால், முதன்முறையாகப் பார்ப்பவரும் ஒரு பீரங்கியின் வகையையும் காலத்தையும் பெருமளவு கணித்துவிடலாம். காப்பாளரின் அனுமதியைப் பெற்ற பிறகே பீரங்கியைத் தொடுங்கள்.

படி 1: பின்பக்கத்தைப் பாருங்கள்

பின்பக்கம் திறப்பே இல்லாமல் திண்மமாக இருந்தால், வெடிமருந்தும் குண்டும் வாய்வழியே திணிக்கப்பட்ட பீரங்கி அது. திருகோ கதவோ இருந்தால் பின்வழியே நிரப்பப்பட்டது. வாய்வழி நிரப்புவது பழையது, பின்வழி நிரப்புவது புதியது என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். தொடக்கநிலையில் பலரும் தவறுவது இங்கேதான். ஆங்கிலேயப் பொறியாளர் ஆம்ஸ்ட்ராங்கின் பின்வழிப் பீரங்கிகளை 1859-லேயே ஏற்ற பிரிட்டன், 1863-இல் ஜப்பானின் ககோஷிமாவைத் தாக்கியபோது அவற்றின் பின்பக்க மூடிகள் தந்த தொல்லைகளுக்குப் பிறகு, வாய்வழி முறைக்கே திரும்பியது. 1880-களில்தான் மீண்டும் பின்வழிக்கு மாறியது.

அந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1879 ஜனவரி 2 அன்று மர்மரா கடலில், தண்டரர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பீரங்கிக் கோபுரத்திலிருந்த இரு 12 அங்குலப் பீரங்கிகளும் ஒருசேரச் சுடப்பட்டபோது ஒன்று வெடிக்கவில்லை. மற்றதன் பேரோசையில் அது யாருக்கும் தெரியாமல் போனதால், அதற்குள் இரண்டாவது மருந்தும் குண்டும் திணிக்கப்பட்டன. அடுத்த சுடுதலில் குழல் பிளந்து 11 பேர் இறந்தனர். அதன் இணைப் பீரங்கியை, அரசுப் பீரங்கித் தொழிற்சாலை இருந்த லண்டனின் வூல்விச்சுக்குக் கொண்டுசென்று, வேண்டுமென்றே இருமுறை நிரப்பிச் சுட்டார்கள். அதுவும் அவ்வாறே பிளந்தது. பின்பக்கம் திறந்து பார்க்கக்கூடிய பீரங்கியில் இப்படி இருமுறை நிரப்புவது நேர்ந்திருக்காது.

படி 2: வாயை அளந்து காடிகளை எண்ணுங்கள்

குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்தால் அது முந்தைய தலைமுறைப் பீரங்கி. சுழன்று செல்லும் காடிகள், அதாவது நீண்ட பள்ளங்கள் இருந்தால், காடிகளுக்கு இடையிலுள்ள ஒரு மேட்டிலிருந்து எதிர்மேடு வரை விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். காடியின் ஆழத்தைச் சேர்த்துவிடக் கூடாது. துருவும் வண்ணப்பூச்சும் அளவைக் குறைத்துக் காட்டும் என்பதால் மூன்று இடங்களில் அளப்பது நல்லது. வூல்விச் முறைப் பீரங்கிகளில் காடிகள் சிலவே. குண்டின் உடலில் பதித்த குமிழ்கள் அவற்றில் பொருந்திச் சுழலும். 7 அங்குலத்துக்கு 3 காடிகள், 9 அங்குலத்துக்கு 6, 10 அங்குலத்துக்கு 7, 12 அங்குலத்துக்கும் ஹர்ஸ்ட் கோட்டையிலுள்ள 12.5 அங்குலத்துக்கும் 9. இதற்கு மாறாக, ஆம்ஸ்ட்ராங்கின் 7 அங்குலப் பின்வழிப் பீரங்கியில் 76 நுண்காடிகள் உண்டு. ஆகவே அதை வேறொன்றாக எண்ணிக் குழம்ப வழியில்லை.

படி 3: வெளியுருவத்தைப் பாருங்கள்

பின்பகுதி பருத்து, முன்னோக்கிப் படிப்படியாக ஒடுங்கினால், எஃகு உட்குழலின்மேல் தேனிரும்புச் சுருள்களைச் சூடாக்கி இறுக்கிச் செய்த பீரங்கி அது. உருவம் பழைய வார்ப்பிரும்புப் பீரங்கியைப் போலவும் உள்ளே காடிகளோடும் இருந்தால், வாயின் விளிம்பைக் கவனியுங்கள். உட்குழலின் வட்டக்கோடு தெரியுமானால், பாலிசர் முறையில் குடைந்து, தேனிரும்புக் குழல் செருகிப் புதுப்பித்த பீரங்கி அது.

படி 4: எழுத்துகளைப் படியுங்கள்

மேற்புறத்தில் கிரீடமும் அரசியின் வி.ஆர். முத்திரையும் இருக்கும். இருபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கு உருளைகளின் முனையில் ஆர்.ஜி.எஃப். என்றிருந்தால் வூல்விச் அரசுத் தொழிற்சாலை, இ.ஓ.சி. என்றிருந்தால் ஆம்ஸ்ட்ராங்கின் எல்ஸ்விக் ஆலை. பீரங்கியின் எண்ணையும் ஆண்டையும் அங்கேயே தேடுங்கள். வண்ணம் எழுத்துகளை மூடியிருந்தால், சுரண்டாமல் விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். நிழலில் எழுத்து எழும்பித் தெரியும்.

ரினெல்லாவிலுள்ள 100 டன் பீரங்கியில் இந்தப் படிகளைச் சோதிக்கும்போது இரண்டாம் படியின் காடிக் கணக்கு மட்டும் உதவாது. 17.72 அங்குல வாயுடைய அதில், குமிழ் குண்டுகளுக்கான சில ஆழ்காடிகளுக்குப் பதிலாக ஆழமற்ற பல காடிகள் உள்ளன. எனவே காடிகளின் எண்ணிக்கை பொருந்தாத பீரங்கியைக் கண்டால், முடிவெடுக்கும் முன் வாயின் அளவையும் தாங்கு உருளையின் எழுத்துகளையும் மீண்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.