அறிவியல் செய்தியைப் பகிரும் முன்

2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணிகள் குறித்த தன் பட்டியலின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவுதான். அவ்வளவுதான், "சாசேஜும் சிகரெட்டும் ஒன்று" என்று பேச்சு கிளம்பிவிட்டது. படித்தவர்கள்கூட இன்றும் அப்படிச் சொல்கிறார்கள்.

அந்தப் பிரிவு ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. ஒரு பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே சொல்கிறது. வெயிலும் அதே முதல் பிரிவில்தான் இருக்கிறது!

அடுத்த குழப்பம், சதவீதம். தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றது அந்த அமைப்பு. நூறு பேரில் 18 பேருக்கு வரும் என்று பலரும் புரிந்துகொண்டார்கள். சாப்பிடாத நூறு பேரில் 5 பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் 18 சதவீதம் என்பது ஒன்றுக்கும் குறைவு. ஆக 5 என்பது கிட்டத்தட்ட 6 ஆகும். அந்த ஒருவரும் முக்கியம்தான், ஆனால் அது பதினெட்டு பேர் அல்ல. "கூடியது" என்று படித்ததும், எதிலிருந்து கூடியது என்று கேட்டுவிடுங்கள்.

இதே கேள்வி தொழில்நுட்பச் செய்திக்கும் பொருந்தும். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகள் 2.05 மெகாஜூல் ஆற்றலை எரிபொருள் குளிகை இருந்த இலக்குக்குள் செலுத்தின. அணு இணைவில், அதாவது சிறிய அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து ஆற்றலை வெளியிடும் நிகழ்வில், 3.15 மெகாஜூல் வெளிவந்தது. பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த லேசர்களை இயக்கவே சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் செலவானது. "இனி மின்சாரம் இலவசம்" என்று பகிர்ந்தவர்கள் இந்த எண்ணைப் பார்க்கவே இல்லை.

அப்புறம், எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு ஒன்று உண்டு. ஒரு முடிவு பொய்த்துப்போனால் உடனே விஞ்ஞானிகளை ஏமாற்றுக்காரர்கள் என்பது. 2011 செப்டம்பரில் ஓபரா என்ற ஆய்வுக்குழு, நியூட்ரினோக்கள் என்ற மிக நுண்ணிய துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி (ஒரு நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) முன்னதாக வந்து சேர்ந்ததாக அறிவித்தது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகம் வரை சுமார் 730 கிலோமீட்டர் பயணம் அது. ஒளியை எதுவும் முந்த முடியாது என்ற ஐன்ஸ்டைன் தோற்றார் என்று செய்திகள் பறந்தன. குழுவோ அப்படிச் சொல்லவே இல்லை. மாதக்கணக்கில் தேடியும் எங்கள் பிழை தெரியவில்லை, மற்றவர்களும் சரிபாருங்கள் என்றுதான் கேட்டது. சில மாதங்களில் அவர்களே பிழையைக் கண்டுபிடித்தார்கள்: நேரத்தை அளக்கும் அமைப்பில் சரியாகப் பொருந்தாமல் இருந்த ஓர் ஒளியிழை கேபிள். அதையும் அவர்களே ஊரறியச் சொன்னார்கள்.